பட்ட மரத்துச் செங்காளான்

காளான் என்றவுடன் நம்மில் பெரும்பாலோர் மனத்தில் எழுவது, மழைக்கு மறுநாள் காலையில் புற்றடியிலோ வைக்கோற்போரின் ஓரத்திலோ வெள்ளைக் குடை விரித்து நின்று, வெயில் ஏறுவதற்குள் வாடிச் சுருங்கிவிடும் அந்த அற்பாயுசுப் பொருள்தான். ஆனால் காளான் குலத்திலே குடையும் இல்லாமல், காம்பும் இல்லாமல், மண்ணிலே காலூன்றாமல், மாதக்கணக்கில் வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கும் ஒரு பெரிய வர்க்கம் உண்டு. வெட்டிப் போட்ட கட்டையிலும், வேலியில் நட்ட கம்பத்திலும், காற்றில் முறிந்து விழுந்த கிளையிலும் பக்கவாட்டில் தட்டுத் தட்டாக நீண்டு வளரும் இவற்றை விறகு பொறுக்குகிறவர்களும் தச்சர்களும் நன்றாக அறிவார்கள். மற்றவர்கள் பார்த்தும் பாராமல் கடந்து போய்விடுகிறோம். பழுப்பும் சாம்பலுமாகப் பட்டையின் நிறத்தோடு நிறமாக இவை ஒண்டிக்கிடப்பது அதற்கு ஒரு காரணமாகலாம்.

எவரும் அப்படிக் கடந்து போய்விட முடியாத ஒன்று இந்த வர்க்கத்தில் இருக்கிறது. நாலைந்து மழை பெய்து ஓய்ந்த பின்பு, தோப்பின் ஓரத்தில் வெயில் படும்படி கிடக்கும் ஒரு பட்ட மாங்கட்டையைப் பார்த்தால், பட்டை உதிர்ந்து வெளுத்த அதன் விலாவில், பாதி அப்பளத்தைப் பக்கவாட்டில் செருகி வைத்தாற்போல, அரைவட்டத் தகடுகள் ஐந்தாறு ஒன்றன்மேல் ஒன்றாக நீட்டிக்கொண்டிருப்பதைச் சில வேளைகளில் காணலாம். அவற்றின் வர்ணம் ஆரஞ்சும் அல்ல, முழுச் சிவப்பும் அல்ல. இரண்டுக்கும் நடுவே நின்று தூரத்திலிருந்தே கண்ணைப் பிடித்து இழுக்கும் செந்தூர நிறம். தாவர சாஸ்திரிகள் இதற்கு இட்ட பெயர் பிக்னோபோரஸ் சாங்குனியஸ் என்பது. தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, இலங்கை, மலேசியா என்று உஷ்ணப் பிரதேசங்கள் எங்கும் இது பரவியிருக்கிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள குளிர்ப் பிரதேசங்களில் இதன் உறவினமான பிக்னோபோரஸ் சின்னபாரினஸ், பீச், பர்ச், செர்ரி முதலிய மரங்களின் பட்ட கிளைகளில் வளர்கிறது. இரண்டுக்கும் பொதுவான இயல்பு, ஊசியிலை மரங்களை அநேகமாக விட்டுவிட்டு அகன்ற இலை மரங்களின் உயிரற்ற கட்டையையே நாடுவது.

இவ்வளவு பளிச்சென்ற நிறம் இருக்கும்போது இதை இனங்காண்பதில் என்ன சிரமம் என்று தோன்றும். காளான்களைப் பொறுத்தவரை, மேற்பரப்பின் நிறத்தைப் போல நம்மை ஏமாற்றக்கூடிய சாட்சி வேறு இல்லை என்றே நான் சொல்வேன். நிறம் வயதோடு மாறுகிறது; ஈரத்தோடு மாறுகிறது; வெயிலில் வெளுக்கிறது. இந்தச் செங்காளானே, தளிர்ப்பருவத்தில் மெல்லிய மென்மயிரோடு கொழுந்துச் சிவப்பாகத் தோன்றி, சில வாரங்களில் மழமழப்பாகி, விளிம்புக்கு இணையாக வெளிர் வளையங்கள் ஓடும்படி மங்கி, வெயிலும் மழையும் மாறிமாறிப் பட்டபின் மேற்புறம் முழுவதும் சாம்பல் கலந்த வெண்மையாக நரைத்துவிடும். அந்த நிலையில் மேலிருந்து பார்க்கிறவர், இது வேறு ஏதோ ஒரு வெளுத்த காளான் என்று தீர்மானித்து நடந்துவிடுவார்.

ஆகையால், மரத்தில் வளரும் எந்தக் காளானையும் அறிய விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது, அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பதுதான். காளானின் ஜீவரகசியம் அங்கேதான் இருக்கிறது. நாம் காளான் என்று கூறும் உருப்படி, மரத்துக்குள்ளே பரவிக்கிடக்கும் நுண்ணிய பூசண இழைகளின் இனப்பெருக்க அவயவம் மாத்திரமே. வித்துக்களைத் தாங்கி உதிர்ப்பதே அதன் தொழில். அந்த வித்துக்கள் உண்டாகும் இடம் அடிப்பக்கம். குடைக்காளான்களில் அது தாள் தாளான மடிப்புகளாக அமைந்திருக்கும். சிலவற்றில் ஒன்றுமே இல்லாத வழவழப்பான பரப்பாக இருக்கும். நாம் பேசுகிற இந்த இனத்திலோ கீழ்நோக்கித் திறந்த எண்ணிறந்த நுண்குழாய்களாக இருக்கிறது. குழாய்களின் வாய்கள் வட்டமானவை. வெறுங்கண்ணுக்கு அவை துளைகளாகவே தெரிவதில்லை. பட்டுத்துணி போன்ற ஒரு பரப்பாகத் தோன்றும் அதன்மேல் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைக்கண்ணாடி ஒன்றைப் பிடித்தால், ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் ஐந்து ஆறு துளைகள் அணிவகுத்து நிற்பதைக் காணலாம். குளிர்தேசத்து உறவினத்தில் துளைகள் சற்றுப் பெரியவை. ஒரு மில்லிமீட்டருக்கு மூன்று நான்குதான் இருக்கும்.

இனி மிக முக்கியமான லட்சணத்துக்கு வருவோம். மேற்புறம் நரைத்துப்போன கிழட்டுக் காளானிலும் அடிப்பக்கத்துத் துளைப்பரப்பு ஆழ்ந்த சிவப்பாகவே நிலைத்திருக்கிறது. அவ்வளவோடு நில்லாமல், ஒரு தகட்டை ஒடித்து முறிவாயைப் பார்த்தால் உட்சதையும் செம்மஞ்சளாகவே இருக்கும். மேலே சிவப்பு, கீழே சிவப்பு, உள்ளே சிவப்பு என்று மூன்று இடத்திலும் ஒரே வர்ணம் ஓடுவதுதான் இந்தக் குடும்பத்தின் முத்திரை. மேற்புறம் மாத்திரம் செவ்வண்ணம் பூண்டு, உள்ளும் அடியும் வெளுத்திருக்கும் காளான்கள் பல உண்டு. அவற்றை எல்லாம் இந்த ஒரு சோதனையாலேயே விலக்கிவிடலாம். ஒடிப்பதும் அவ்வளவு சுலபமல்ல: ஈரமாக இருக்கும்போது பதமான தோலைப் போல வளைந்து கொடுக்கும், காய்ந்துவிட்டால் விறைத்து மரத்தகடாகிவிடும். கனம் ஒன்று முதல் ஐந்து மில்லிமீட்டருக்குள் அடங்கும். குளிர்தேசத்து இனமோ மரத்தோடு ஒட்டும் இடத்தில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வரை தடித்திருக்கும். ஆய்வுக்கூடத்தில் காஸ்டிக் பொட்டாஷ் கரைசலை ஒரு துளி விடுவது மற்றொரு பரீட்சை. செந்நிறம் உடனே மாறிக் கறுத்துப்போகும். ஐரோப்பியக் காடுகளில் இலவங்கப்பட்டை நிறத்தில் ஹாபலோபிலஸ் என்று ஒரு மரக்காளான் உண்டு. அதன்மேல் அதே துளி பட்டால் அழகான ஊதா நிறம் படரும். உண்டவரை நோயில் தள்ளும் நச்சுக் காளான் அது.

நம் நாட்டில் இதனோடு எதையேனும் குழப்பிக்கொள்ள இடமுண்டு என்றால், அதைத் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல வேண்டும். தென்னையின் அடித்தண்டில், தரையை ஒட்டி, அரக்குப் பூசியது போன்ற பளபளப்போடு செம்பழுப்பு நிறத்தில் ஒரு தட்டுக்காளான் முளைப்பதுண்டு. அது கானோடெர்மா என்னும் வேறு இனம். 1952ஆம் ஆண்டின் புயலுக்குப் பின் தஞ்சை ஜில்லாவில் முதன்முதல் கண்டறியப்பட்டு, அதனால் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர் பெற்ற கொடிய நோயை உண்டாக்குவது அதுதான். உயிருள்ள மரத்தின் வேரைத் தாக்கி, அடித்தண்டிலிருந்து செம்பழுப்புச் சாறு கசிய வைத்து, கடைசியில் மரத்தையே சாய்த்துவிடும் அது. வெளியே காளான் தெரிகிற காலத்தில் நோய் முற்றியிருக்கும். அதன் அடிப்பக்கம் வெண்மையாக இருக்கும். நகத்தால் கீறினால் கீறிய இடம் பழுப்பாகும். சுற்றுப்புறத்தில் கொக்கோத்தூள் நிறத்தில் வித்துக்கள் படிந்திருக்கும். நம் செங்காளானோ உயிரற்ற கட்டையை உண்டு வாழ்வது, அடிப்பக்கம் சிவப்பு, வித்துத்தூள் வெள்ளை. ஒன்றைக் கண்டால் மற்ற மரங்களைக் காக்க அகழி வெட்டிப் பிரித்து வேளாண்மைத் துறையினரிடம் ஓட வேண்டும். மற்றொன்றைக் கண்டால் நின்று ரசிக்கலாம். இரண்டையும் பிரித்தறிவது விவசாயிக்கு வெறும் வேடிக்கை அல்ல.

சாஸ்திர உலகத்துக்கு இக்காளானை அறிமுகப்படுத்தியவர் சுவீடன் தேசத்து லின்னேயஸ். தென்னமெரிக்காவின் சூரினாமிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு 1763இல் அவர் இதை வர்ணித்தபோது, அடியில் துளையுள்ள காளான்கள் எல்லாவற்றையும் பொலீட்டஸ் என்ற ஒரே பேரினத்தில் சேர்த்துவிடுவது வழக்கமாக இருந்தது. குளிர்தேசத்து இனத்தை 1776இல் ஜாக்கின் வர்ணித்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1881இல், பின்லாந்தைச் சேர்ந்த கார்ஸ்டன் பிக்னோபோரஸ் என்ற தனிப் பேரினத்தை வகுத்தார். 1904இல் அமெரிக்கரான மரில், லின்னேயஸின் காளானையும் அதற்குள் கொண்டுவந்தார். மரபணுக்களை ஒப்பிடும் முறை வந்தபின், டிராமெட்டஸ் என்ற பெரிய பேரினத்துக்குள் இவை எல்லாம் அடங்கிவிட வேண்டும் என்று வாதிக்கும் கட்சி ஒன்று தோன்றியிருக்கிறது. அதனால் இன்று சில நூல்களில் டிராமெட்டஸ் சாங்குனியா என்று காண்போம். 2011இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் பல தேசத்து மாதிரிகளை ஒப்பிட்டபோது, ஒரே பெயரால் வழங்கி வந்த கீழைநாட்டுக் காளானும் தென்னமெரிக்கக் காளானும் வெவ்வேறு கிளைகளாகப் பிரிவதைக் கண்டார்கள். பெயர்கள் இவ்வாறு மாறுவதைக் கண்டு வாசகர்கள் மனம் சலிக்க வேண்டியதில்லை. சாஸ்திரம் உயிரோடிருப்பதன் அடையாளம் அது. கவிழ்த்துப் பார்த்து, ஒடித்துப் பார்த்து, துளை எண்ணி அறிகிற அறிவு எந்தப் பெயரின் கீழும் செல்லுபடியாகும்.

இந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குக் கிடைத்திருக்கும் விடைதான் இவ்விஷயம் முழுவதிலும் எனக்கு மிகுந்த ஆச்சரியம் அளிப்பது. மரம் என்பது முக்கியமாக செல்லுலோஸ் இழைகளாலும் அவற்றை இறுக்கிப் பிணைத்து நிறுத்தும் லிக்னின் என்னும் கடினமான பொருளாலும் ஆனது. லிக்னின் மர எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இருக்கும். மற்ற ஜீவராசிகள் பெரும்பாலும் அதன்முன் தோற்றுப்போகின்றன. அதை அடியோடு சிதைக்கும் வல்லமை பெற்றவை முக்கியமாகச் சில காளான்களே. அவை லிக்னினைக் கரைத்துவிட்டால் எஞ்சுவது வெளுத்து நார்நாரான கட்டை. ஆகவே அந்தச் சிதைவை வெண்ணழுகல் என்கிறார்கள். செல்லுலோஸை மாத்திரம் தின்று லிக்னினை விட்டுவிடும் காளான்களும் உண்டு. அவை விட்டுச்சென்ற கட்டை பழுப்பேறிச் சதுரஞ்சதுரமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். நம் செங்காளான் வெண்ணழுகல் கூட்டத்தைச் சேர்ந்தது.

இவ்வேலைக்கு அது பிரயோகிக்கும் கருவிகளில் பிரதானமானது லாக்கேஸ் என்னும் நொதி. ஜப்பானிய அரக்கு மரத்தின் பாலில் 1883இல் யோஷிதா என்பவர் முதன்முதலில் கண்டறிந்த அந்த நொதி, தாமிர அணுக்களைத் தன்னுள் வைத்துக்கொண்டு, காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொண்டு பிற பொருள்களை மாற்றுகிறது. செங்காளான் தன் உடலில் ஆந்த்ரனிலிக் அமில வகையைச் சேர்ந்த நிறமற்ற ஒரு பொருளை உண்டாக்கி வெளியே விடுகிறது; லாக்கேஸ் அதைத் தீண்டியதும் இரண்டு இரண்டு மூலக்கூறுகளாக அது இணைந்து சின்னபாரினிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் செந்நிறமுடையது. ஆக, கட்டையின்மேல் நாம் காணும் வர்ணம், உள்ளே மரத்தைச் சிதைக்கிற அதே நொதியின் கைவண்ணம்! 1990களில் இதை ஆராய்ந்தவர்கள், அந்த நிறமற்ற பொருளே லாக்கேஸுக்கு ஏவலாளாக மரத்துக்குள் சென்று லிக்னினைத் தாக்குகிறது என்று கருதினார்கள். 2001இல் அப்பொருளை உண்டாக்கத் தெரியாத ரகங்களை வளர்த்துப் பார்த்தபோது, அவையும் குறைவின்றி மரத்தைச் சிதைத்தன. ஆகவே அந்தக் கருத்தைக் கைவிட நேர்ந்தது. 2014இல் வெளியான மரபணுத் தொகுதி ஆராய்ச்சி, லாக்கேஸ் தவிர பெராக்ஸிடேஸ் வகை நொதிகளுக்கான மரபணுக்களும் இதனிடம் நிறைய இருப்பதைக் காட்டிற்று. அப்படியானால் சிவப்புக்கு என்ன பிரயோஜனம்? பாக்டீரியாக்களைத் தடுக்கும் சக்தி சின்னபாரினிக் அமிலத்துக்கு இருப்பது பரீட்சைகளில் தெரிந்திருக்கிறது. தான் உரித்து வைத்த மரத்தைப் பிறர் வந்து தின்றுவிடாமல் காத்துக்கொள்ள அது உதவும் என்று கொள்வது நியாயமாகவே படுகிறது.

ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்து ஆதிகுடிகள் விஞ்ஞானிகளுக்கு வெகுகாலம் முன்பே இதன் சகோதர இனத்தை மருந்தாகக் கையாண்டிருக்கிறார்கள். வாய்ப்புண்ணுக்கும் உதட்டுப் புண்ணுக்கும் அதைச் சப்புவார்கள், குழந்தைகளின் வாயில் வெண்படலம் தோன்றினால் தடவுவார்கள். பாக்டீரியா பற்றிய பரீட்சையையும் இந்தப் பழைய வழக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, கூர்ந்து கவனித்த ஒரு ஜனசமூகத்தின் அனுபவ ஞானத்தின்மேல் மரியாதை பிறக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் தோப்புக் கட்டையிலிருந்து ஒன்றைப் பெயர்த்து வீட்டு வைத்தியம் செய்ய முற்படலாகாது. தோலைப் போன்ற இதன் சதை உணவுக்கு உதவாது. மருந்தாக எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுக்கலாகாது என்பதை எந்த வைத்தியரும் வகுத்துச் சொல்லவில்லை.

ரசாயனத் தொழிலிலும் இது இடம் பிடித்திருக்கிறது. தானியத் தவிட்டிலும் பீட்ரூட் சக்கையிலும் உள்ள பெருலிக் அமிலத்தை, முதலில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூசணத்தால் வனிலிக் அமிலமாக்கி, பின்பு அதைக் குளிர்தேசத்துச் செங்காளானின் இழைகளிடம் கொடுத்தால் வெனிலின் கிடைக்கிறது என்பதை 1996இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஐஸ்கிரீமில் நாம் முகரும் வாசனைதான் வெனிலின். சாயங்களை நிறமிழக்கச் செய்வதிலும் இதன் லாக்கேஸ் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. உஷ்ணத்தைத் தாங்கி நிற்பது உஷ்ணதேசத்து இனத்தின் நொதிக்குரிய தனிச்சிறப்பு. நொய்யல் ஆறு சாயக்கழிவால் பட்ட பாட்டையும், 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இச்செய்தி ஆசை ஊட்டும். குடுவைக்குள் வெற்றி பெறுவது வேறு, உப்பும் காரமும் மண்டிய ஆலைக்கழிவில் நாள்தோறும் லட்சக்கணக்கான லிட்டருக்கு அதைச் செய்வது வேறு. ஆயினும் நம்மூர்க் கட்டைகளிலேயே வளரும் ஒன்றை நம்மூர் ஆய்வுக்கூடங்கள் இன்னும் ஊக்கத்தோடு ஆராய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தோப்பைச் சுத்தம் செய்கிறோம் என்று உலர்ந்த கிளை ஒன்று விடாமல் வாரி எரித்துவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. நோயுற்ற மரங்களை அகற்றத்தான் வேண்டும். நோயில்லாமல் முதுமையாலோ காற்றாலோ விழுந்த கட்டைகளில் ஒன்றிரண்டையேனும் ஓரமாகக் கிடக்க விடலாம். வெண்ணழுகல் பிடித்து மென்மையான பட்ட கிளைகளைக் குடைந்துதான் குக்குறுவான்கள் கூடமைக்கின்றன. கட்டை மக்கி மண்ணோடு கலக்கும்போது அந்த மண்ணும் வளம் பெறுகிறது. அவ்வாறு விட்ட கட்டையில் செங்காளான் தோன்றினால் அதைப் பிய்த்தெறிய வேண்டாம். கைப்பேசியில் படம் எடுப்பவர்கள் மேற்புறத்தோடு நிறுத்திவிடாமல் அடிப்பக்கத்தையும் கட்டாயம் ஒரு படம் எடுக்க வேண்டும். அது எந்த மரத்தின் கட்டை, வெயிலில் கிடந்ததா நிழலில் கிடந்ததா, எந்த மாதம் கண்டது என்ற மூன்றையும் படத்தோடு எழுதி வைத்தால், இனங்காண முன்வரும் எந்தத் தாவரவியல் ஆசிரியருக்கும் அது பேருதவியாக இருக்கும்.